பழைய மட்டைக்கு என்ன வயது?

2025 மே மாதம், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் உள்ள சார்லட் நகரில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தொடங்குவதற்கு முன், ஆட்டக்காரர்கள் சிலரின் டிரைவர்களை அதிகாரிகள் வாங்கிச் சோதித்தார்கள். பையில் இருப்பதிலேயே நீளமான, பெருத்த தலை கொண்ட மட்டைதான் டிரைவர். நீண்ட குழிகளில் முதல் அடிக்கு எடுப்பது. சோதனையில் ரோரி மெக்கில்ராயின் டிரைவர் தேறவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு பெரும் போட்டிகளையும் கைப்பற்றிய வெகு சிலரின் வரிசையில் சேர்ந்திருந்தார். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் அதே சோதனையில் தோற்றது. அவர் மாற்று டிரைவரோடு களமிறங்கி, போட்டியையே வென்றுவிட்டார்.

இருவரும் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. புதிதாக வாங்கியபோது விதிக்கு உட்பட்டே இருந்த மட்டைகள், அடித்து அடித்துப் பழசானதால் விதியைத் தாண்டிவிட்டன. பழசானது என்றால் வலுவிழந்தது என்றுதான் நினைப்போம். இங்கே நடந்தது நேர்மாறு. வரம்பை மீறும் அளவுக்குப் பந்தை விசையோடு தள்ளுகின்றன என்பதுதான் அந்த மட்டைகள் மீதான குற்றச்சாட்டு.

கோல்ஃபை விட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆன ஒருவர் திரும்ப ஆட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் வேலை மாற்றம், பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி என்று ஆயிரம் காரணங்கள். பரணில் இருந்து பையை இறக்குகிறார். உள்ளே பதினான்கு மட்டைகள். 1930களின் இறுதியில் வந்த விதிப்படி அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்குப் போனால் ஒரு புது டிரைவரின் விலைக்கே ஒரு நல்ல மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிடலாம். பழையதையே வைத்து ஆடலாமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் மட்டைக்கு ஒரு வயது இல்லை, மூன்று இருக்கின்றன. அது செய்யப்பட்ட பொருளின் வயது ஒன்று. அதன் வடிவமைப்பின் வயது இன்னொன்று. அதைப் பிடித்திருக்கும் ஆளின் வயது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன.

நாள்காட்டி தெரியாத உலோகம்

ஒரு கோல்ஃப் பந்தின் நிறை அதிகபட்சம் 45.93 கிராம். மட்டையின் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் அசையாமல் கிடந்த பந்து மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டுமென்றால், அதன் மீது செயல்படும் சராசரி விசை அரை டன் எடைக்கும் மேல். அதே விசை திரும்பி மட்டையின் முகத்திலும் விழுகிறது. சில மில்லிமீட்டர் கனமே உள்ள டைட்டானியத் தகடு உள்வாங்கி, பிறகு நிமிர்கிறது. ஒவ்வோர் அடிக்கும் இதே கதை.

மெல்லிய முகம் அதிகம் வளைந்து கொடுக்கும். அதிகம் வளைந்தால் பந்து நசுங்குவது குறையும். நசுங்குவதில் வீணாகும் ஆற்றலும் குறையும். பந்து வேகமாகப் புறப்படும். இதை எங்கே நிறுத்துவது என்பதற்காக, விளையாட்டை நிர்வகிக்கும் அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் ஒரு எளிய சோதனையை வைத்திருக்கின்றன. சிறு எஃகு முனை பொருத்திய ஊசல் ஒன்று டிரைவரின் முகத்தில் மெல்ல மோதித் திரும்புகிறது. மோதிய முனை எத்தனை மைக்ரோநொடி ஒட்டியிருந்தது என்று கருவி அளக்கிறது. வரம்பு 239, அளவீட்டுப் பிழைக்கு இன்னொரு 18 சேர்த்து 257. அதைத் தாண்டினால் மட்டை வெளியே.

ஆயிரக்கணக்கான பலத்த அடிகள் விழுந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுக்கத் தொடங்குகிறது. அதனால்தான் மெக்கில்ராய், ஷெஃப்லர் போன்றவர்களின் டிரைவர்கள் உடைவதற்கு முந்தைய கட்டத்தில் விதியைத் தாண்டுகின்றன. 2019இல் ராயல் போர்ட்ரஷ்ஷில் நடந்த ஓப்பன் போட்டியின்போது ஸாண்டர் ஷாஃபலேயின் டிரைவருக்கும் இதுதான் நேர்ந்தது. இளகல் அதோடு நிற்காது. அடுத்த கட்டம் விரிசல்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த முதுமையை உண்டாக்குவது அடிதான், ஆண்டு அல்ல. பொறியாளர்கள் உலோகச் சோர்வு என்று சொல்வது எத்தனை முறை சுமை ஏறி இறங்கியது என்பதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அறை வெப்பநிலையில் சும்மா கிடக்கும் டைட்டானியத்துக்கு இருபது ஆண்டும் இரண்டு நாளும் ஒன்றுதான். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் படியும் ஆக்சைடு படலமே அதற்குக் காவல். வார இறுதியில் மட்டும் ஆடி, பிறகு பரணில் போட்டுவிட்டுப் போனவரின் டிரைவர் முகம் அநேகமாகப் போட்டபடியேதான் இருக்கும்.

எஃகுத் தண்டு அவ்வளவு சமர்த்து அல்ல. வெளியே குரோமியப் பூச்சு பளபளக்கும்; உள்ளே வெறும் குழாய். கைப்பிடியின் உச்சியில் உள்ள சிறு துளை வழியாக ஈரம் இறங்கினால் துரு உள்ளிருந்தே அரிக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பூச்சில் புள்ளி புள்ளியாகச் செம்மை தெரிந்தால், குறிப்பாகத் தலைக்குச் சற்று மேலே தெரிந்தால், அந்த மட்டையை வீசும் முன் யோசிக்க வேண்டும். கார்பன் இழையால் ஆன கிராஃபைட் தண்டுக்குத் துரு இல்லை. சாதாரண ஆட்டத்தில் அது சோர்வதும் இல்லை. பையின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து விழும் ஆழமான கீறல்தான் அதன் எதிரி. இழைகள் அறுபட்ட இடத்தில் ஒரு நாள் சட்டென்று முறியும்.

தண்டையும் தலையையும் இணைத்து வைத்திருப்பது எப்பாக்ஸிப் பசை. மட்டை பழுதுபார்ப்பவர்கள் தலையைக் கழற்ற வேண்டுமென்றால் கழுத்தைச் சூடாக்குவார்கள். பசை இளகித் தலை கையோடு வந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் மட்டைக்கும் இதே வைத்தியம் மெதுவாக நடக்கிறது. தலையை ஒரு கையிலும் தண்டை மறு கையிலும் பிடித்துத் திருகிப் பார்த்தால், லேசாக உலுக்கிக் காதை வைத்துக் கேட்டால், பசை விட்டுவிட்டதா என்று தெரிந்துவிடும்.

உண்மையில் காலத்தால் கிழடாகும் பாகம் ஒன்றுதான்: கைப்பிடி. கிரிப் என்று எல்லோரும் சொல்லும் அந்த ரப்பர் உறை. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகப் பாலங்களால் இணைத்துத்தான் அதற்கு நெகிழ்வும் உறுதியும் தரப்படுகின்றன. பிறகு காற்றில் உள்ள ஆக்சிஜன் தன் பங்குக்குப் புதுப் பாலங்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இணைப்புகள் கூடக் கூட நெகிழ்வு போய் விறைப்பு வருகிறது. ஓசோன் வாயு சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டுகிறது. புற ஊதாக் கதிரும் கையின் எண்ணெய்ப் பசையும் மேற்பரப்பைக் கெடுக்கின்றன. மட்டையைத் தொடாமலே வைத்திருந்தாலும் இது நிற்காது. பழைய கிரிப்பைக் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது. பிளாஸ்டிக்கைத் தொட்டதுபோல் வழுக்கும். விரல் பதியும் இடங்களில் மட்டும் கறுத்து மினுமினுக்கும்.

வழுக்குகிற கைப்பிடியை யாரும் தளர்வாகப் பிடிக்க மாட்டார்கள். இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைகள் விறைக்கும். மணிக்கட்டு மடங்கி விரியும் வேகம் குறையும். தலையின் வேகமும் குறையும். திரும்பி வந்தவர் முதல் நாளே 'மட்டை செத்துப்போச்சு' என்று நொந்துகொள்வதற்குப் பல நேரம் காரணம் இந்த ரப்பர்தான். புது மட்டையின் விலையில் மிகச் சிறு பங்கு செலவில் பழையதை உரித்து எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றலாம். மற்ற எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கருங்காலியின் உறவுக்காரர்

இரண்டாவது வயதுக்கு வருவோம். பொருள் கெடாமல் இருக்கலாம். ஆனால் அதைவிடச் சிறந்த ஒன்றை உலகம் இதற்குள் கண்டுபிடித்திருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டிரைவரின் தலை மரத்தால் ஆனது. பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் கருங்காலி இருக்கும் டயோஸ்பைரஸ் பேரினத்தில்தான் அதுவும் இருக்கிறது. ஒரு மனிதனின் மூடிய கைக்குச் சற்றுப் பெரிய, வழுவழுப்பான தேன் நிறத் தலை. அடியில் திருகால் முடுக்கிய பித்தளைத் தகடு. பந்து படும் இடத்தில் பதித்த கெட்டியான வில்லை. கழுத்தில் மெழுகு தடவிச் சுற்றிய நூல். 1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் உள்ளீடற்ற எஃகுத் தலையைக் கொண்டுவந்தபோது பலரும் சிரித்தார்கள். பெயர் என்னவோ 'பிட்ஸ்பர்க் பெர்சிமன்'. பொருள் மட்டும் பிட்ஸ்பர்க் நகரின் எஃகு. 1991இல் காலவேயின் பிக் பெர்தா 190 கன சென்டிமீட்டர் எஃகுத் தலையோடு வந்தது. 1995இல் கிரேட் பிக் பெர்தா, 250 கன சென்டிமீட்டர், டைட்டானியம். 1993இல் மாஸ்டர்ஸை வென்ற பெர்ன்ஹார்ட் லாங்கருக்குப் பிறகு மர டிரைவரோடு அந்தப் பட்டத்தை யாரும் தொடவில்லை.

மரத்துக்கும் டைட்டானியத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தலையின் நிறை 200 கிராம், பந்து 46 கிராம், தலையின் வேகம் மணிக்கு 145 கிலோமீட்டர். மோதலின் மீள்திறன் எண் மரத்துக்குச் சுமார் 0.78, விதி அனுமதிக்கும் உச்சம் 0.83. பள்ளிக்கூடத்து உந்த அழியாமை விதிப்படி, பந்தின் வேகம் மரத்தால் அடித்தால் மணிக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். டைட்டானியத்தால் அடித்தால் 216. பந்தின் வேகம் 10 கிலோமீட்டர் கூடினால் தூரம் சுமார் 12 கெஜம் கூடும் என்பது பயிற்சியாளர்களின் தோராயக் கணக்கு. ஆக, முகத்தின் நட்ட நடுவில் பட்ட அடியில் வித்தியாசம் 7 கெஜம். அவ்வளவுதான். மர டிரைவர் 43 அங்குல நீளம், இன்றைய டிரைவர் 45 அங்குலத்துக்கு மேல், தண்டும் இலகு என்பதால் வீச்சில் கிடைக்கும் வேகத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நட்ட நடுவில் பட்டால்தானே? வார இறுதி ஆட்டக்காரருக்கு அது எப்போதாவது நடக்கிற அதிசயம். விளிம்பில் பட்டால் தலை திருகிக்கொள்கிறது, ஆற்றல் வீணாகிறது, பந்து பக்கவாட்டில் சுழன்று புதருக்குப் போகிறது. தலையின் நிறை நடுவில் குவிந்திருந்தால் திருகுவது சுலபம்; விளிம்புகளுக்குப் பரப்பி வைத்திருந்தால் கடினம். கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியை வைத்திருப்பது இதற்காகத்தான். மையத்தில் இருந்து உள்ள தூரம் இருமடங்கானால் திருகலை எதிர்க்கும் திறன் நான்கு மடங்காகிறது. எஃகைவிடப் பாதிக்குச் சற்றே மேலான அடர்த்தி கொண்ட டைட்டானியம் வந்ததால்தான், எடையைக் கூட்டாமல் தலையை ஊதிப் பெருக்க முடிந்தது. புது டிரைவரில் காசு கொடுத்து வாங்குவது நல்ல அடியின் கூடுதல் தூரத்தை அல்ல. மோசமான அடிக்குக் கிடைக்கும் மன்னிப்பை.

அந்த வளர்ச்சிக்கும் பூட்டுப் போடப்பட்டுவிட்டது. தலையின் கனஅளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முகத்தின் வளைவு ஊசல் சோதனையைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் 2004 வாக்கில் நடைமுறைக்கு வந்தன. திருகலை எதிர்க்கும் திறனுக்கும் 2006இல் வரம்பு வந்தது. அதற்குப் பிறகு வந்த மட்டைகள் ஒரே கூரைக்கு அடியில்தான் போட்டியிடுகின்றன. ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தி, முகம் பின்னோக்கிச் சாயும் கோணத்தைத் திருகாணியால் மாற்றும் வசதி சேர்த்து, விளிம்பில் பட்ட அடியிலும் வேகம் குறையாதபடி முகத்தின் கனத்தை இடத்துக்கு இடம் மாற்றி என்று நுட்பங்கள் தொடர்கின்றன. ஆனாலும் பாய்ச்சல் முடிந்துவிட்டது.

இதில் இருந்து ஒரு கோடு கிழிக்கலாம். பையில் இருப்பது 1990களின் சிறிய தலை டிரைவர் என்றால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. 2007 அல்லது 2008இல் வாங்கிய 460 கன சென்டிமீட்டர் டிரைவர் என்றால், விளம்பரம் சொல்லும் அளவுக்கு அது பின்தங்கிவிடவில்லை. 2016இல் ராயல் ட்ரூனில் கடைசி நாள் 63 அடிகளில் முடித்து ஓப்பன் பட்டத்தை வென்ற ஹென்ரிக் ஸ்டென்சன், எந்தப் புது மட்டையும் கேட்டவுடன் கிடைக்கும் நிலையில் இருந்தவர். அவர் பையில் இருந்த 3ஆம் எண் வுட் (டிரைவருக்கு அடுத்த நீளமான மட்டை) ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வந்த காலவே டயாப்லோ ஆக்டேன்.

முத்திரையில் உள்ள எண்

அயர்ன் எனப்படும் இரும்பு மட்டைகளில் வேறொரு வேடிக்கை இருக்கிறது. திரும்பி வந்தவர் தன் பழைய 7ஆம் எண் அயர்னால் 140 கெஜம் அடிக்கிறார். பக்கத்தில் நிற்கும் நண்பர் புது 7ஆம் எண்ணால் 155 அடிக்கிறார். மட்டையில்தான் ஏதோ மாயம் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

1980களில் 7ஆம் எண் அயர்னின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருந்த கோணம் சுமார் 36 முதல் 38 பாகை. இன்று புதியவர்களுக்கென்று விற்கப்படும் பல செட்டுகளில் அதே எண் 28 முதல் 30 பாகை. தண்டும் அரை அங்குலம் கூடுதல் நீளம். பழைய கணக்கில் அது 5ஆம் எண் மட்டை! அடியில் முத்திரை குத்திய எண் மட்டும் மாறவில்லை. கோணம் குறைந்தால் பந்து தாழப் பறக்கும். அதை ஈடுகட்ட, எடையைக் கீழே இறக்கிப் பந்தை மேலெழச் செய்யும் வடிவமைப்பு உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் அந்த 15 கெஜத்தில் பெரும்பங்கு எண் விளையாட்டு. அயர்ன் என்பது தூரம் எறியும் கருவி அல்ல. குறித்த தூரத்தில் போடும் கருவி. 140 கெஜத்துக்கு 7ஐ எடுப்பதா, 8ஐ எடுப்பதா என்பதால் ஸ்கோர் அட்டையில் எதுவும் மாறிவிடாது.

அயர்னில் உண்மையான புரட்சி இதற்கு வெகு முன்பே நடந்துவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், குழிக்குள் பந்தைத் தட்டி உருட்டும் மட்டையான தன் பட்டர் சரியாக உருட்டவில்லை என்ற எரிச்சலில் 1959இல் வீட்டு கராஜில் ஒன்றைச் செய்தார். எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கிய அந்தப் பட்டர் பந்தைத் தொட்டதும் 'பிங்' என்று ஒலித்தது; அதுவே நிறுவனத்தின் பெயரானது. அதே கொள்கையை அவர் அயர்னுக்கும் கொண்டுபோனார்: முதுகைக் குடைந்து, எடையைச் சுற்று விளிம்புக்கு அனுப்புவது. 1980களில் வந்த பிங் ஐ2 செட் உலகெங்கும் விற்றது. ஆக, முதுகு குடைந்த அயர்ன் செட்டை வைத்திருப்பவர், அது முப்பது வயது ஆனதாக இருந்தாலும், அடிப்படைக் கண்டுபிடிப்பைக் கையில்தான் வைத்திருக்கிறார்.

அந்த பிங் ஐ2வுக்கு இன்னொரு கதையும் உண்டு. குழிக்கு அருகில் இருந்து பந்தைத் தூக்கிப் போடும் வெட்ஜ் மட்டையின் முகத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். பந்து அவற்றைக் கவ்விப் பிடிப்பதால் பின்சுழற்சி கிடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த தரையில் கிடக்கும் பந்துக்குப் பள்ளமே இல்லாத முகமும் நல்ல சுழற்சியைத் தரும். பள்ளத்தின் வேலை வடிகால். பந்துக்கும் முகத்துக்கும் நடுவே நசுங்கும் புல்லின் சாறும் பனி நீரும் ஒதுங்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். உயரமான புல்லில்தான் நல்ல பள்ளத்தின் அருமை தெரியும்.

கூர்மையான விளிம்பும் சதுர வெட்டும் கொண்ட பள்ளங்களால், பந்து புதரில் விழுவதற்குரிய தண்டனையே இல்லாமல் போகிறது என்று சொல்லி, 2010 தொடக்கத்தில் விதி இறுக்கப்பட்டது. ஆனால் பள்ள விவகாரத்தில் பிங் நிறுவனம் முன்பே தொடுத்த வழக்கின் சமரசப்படி, 1990 ஏப்ரல் 1க்கு முன் தயாரான ஐ2 மட்டைகளுக்கு விலக்கு இருந்தது. ஃபில் மிக்கல்சன் 2010 ஜனவரியில் கலிபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானத்துக்கு அப்படியொரு கிழட்டு வெட்ஜோடு வந்தார். சக ஆட்டக்காரர் ஸ்காட் மெக்காரன் இதை ஏமாற்று வேலை என்று சொல்லப் போக, பெரிய ரகளையானது. பிறகு அவரே மிக்கல்சனிடம் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மார்ச்சில் பிங் தன் உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான், தொழில்முறைப் போட்டிகளில் அந்த மட்டைக்குக் கதவு மூடியது. புதிதாகச் செய்ய அனுமதியில்லாத ஒன்று பழைய பையில் இருந்ததால் இருபது ஆண்டு பழமையே சொத்தான அரிய நேரம் அது.

சராசரி ஆட்டக்காரரின் பையில் கதை வேறு. வெட்ஜ் மணலிலும் மண்ணிலும் உரசியே வாழ்கிறது; பையில் முதலில் தேய்வது அதன் பள்ளங்கள்தான். நகத்தை முகத்தின் குறுக்கே இழுத்தால் பள்ளத்தின் விளிம்பில் தட்டுப்பட வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் மாற்ற வேண்டியதுதான்.

பட்டரின் நிலை எதிர்த் துருவம். மெல்லத் தட்டி உருட்டும் மட்டைக்குச் சோர்வும் இல்லை, தேய்மானமும் இல்லை. டைகர் வுட்ஸ் தன் 15 பெரும் பட்டங்களில் 14ஐ 1999இல் கையில் எடுத்த ஒரே ஸ்காட்டி கேமரன் பட்டரால்தான் வென்றார். 2019 மாஸ்டர்ஸில் அவர் டிரைவர் அந்த ஆண்டின் புது மாடல். பட்டருக்கு அப்போது இருபது வயது. கிரிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்வார்.

பிடித்திருப்பவரின் வயது

இனி மூன்றாவது வயது. மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவது இதுதான்.

முப்பதைத் தாண்டிய பிறகு, பயிற்சி இல்லாத உடலில் தசை நிறை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் குறைகிறது. குறைவதிலும் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. நெடுநேரம் நிற்க, நடக்க உதவும் மெதுவான இழைகள் ஓரளவு தப்பிக்கின்றன. சட்டென்று வெடித்து இயங்கும் வேக இழைகள் முதலில் போகின்றன. கோல்ஃப் வீச்சு முழுக்க வேக இழைகளின் வேலை. அதோடு இடுப்பும் முதுகும் முன்போல் திரும்பாது.

முப்பத்தைந்து வயதில் டிரைவரை மணிக்கு 160 கிலோமீட்டரில் வீசியவர் ஐம்பத்தைந்தில் 136இல் வீசுகிறார் என்றால், மேலே போட்ட அதே கணக்குப்படி பந்தின் வேகம் 36 கிலோமீட்டர் குறைகிறது. தூரத்தில் 40 கெஜத்துக்கும் மேல் போச்சு. மரத்தில் இருந்து டைட்டானியத்துக்கு வந்து நடுவில் அடித்ததில் கிடைத்தது 7 கெஜம். கடையில் வாங்கக்கூடியதும் உடல் எடுத்துக்கொண்டதும் ஒரே அளவில் இல்லை.

ஆனால் இதே உண்மைதான் சில மட்டைகளை மாற்றச் சொல்லும் மிக வலுவான காரணமும் ஆகிறது. வேகமாக வீசியபோது பொருத்தமாக இருந்த 9 பாகை டிரைவர் இப்போது பந்தைத் தாழ்வாகவே அனுப்பும். காற்றில் நிற்க வேண்டிய நேரத்துக்குள் தரைக்கு வந்துவிடும். 11, 12 பாகை வேண்டியிருக்கலாம். 120 கிராம் எடையுள்ள விறைத்த எஃகுத் தண்டு இன்றைய மணிக்கட்டுக்குச் சுமை. 60 கிராம் கிராஃபைட் தண்டு அதிர்வையும் குறைக்கும், வேகத்தையும் சற்று மீட்டுத் தரும். கிராஃபைட் தண்டை 1960களின் இறுதியில் ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனத்துக்காக உருவாக்கிய ஃப்ராங்க் தாமஸ், பிற்பாடு யு.எஸ்.ஜி.ஏ.வின் தொழில்நுட்ப இயக்குநராகி, மட்டைகளுக்கு வரம்பு கட்டும் வேலையைப் பார்த்தார். தலை நன்றாக இருக்கும் அயர்னுக்குத் தண்டை மட்டும் மாற்றிக்கொள்வதும் உண்டு.

அவசரப்பட்டு முதல் வாரமே புது மட்டைக்கு அளவெடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடல் திறமைகள் மறப்பதில்லை, துருப்பிடிக்கின்றன. வலிப்புக்கான மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலை இழந்த ஹென்றி மோலைசனைக் கனடாவின் பிரெண்டா மில்னர் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மோலைசன் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் முந்தைய நாள் பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. கைகால் பழக்கங்களை மூளை வேறோர் அறையில் வைத்திருக்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். வீச்சும் அந்த அறையில்தான் கிடக்கிறது. சில வாரப் பயிற்சியில் அது தூசி தட்டிக்கொண்டு எழும், வேகம் கூடும், பந்து படும் இடம் மாறும். முதல் வாரத்து வீச்சுக்கு அளவெடுத்துத் தைத்த செட் மூன்றாம் மாதத்து ஆளுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கடையில் சோதிக்கும்போது இன்னொரு வலையும் விரிந்திருக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களிடம் ஒரு பட்டரைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் இது 2003 ஓப்பன் சாம்பியன் பென் கர்ட்டிஸ் பயன்படுத்தியது என்று சொன்னார்கள். அதை நம்பியவர்களின் கண்ணுக்குக் குழி பெரிதாகத் தெரிந்தது. பத்து முயற்சிகளில் சுமார் ஒன்றரைப் பந்து கூடுதலாகவும் போட்டார்கள். பளபளக்கும் புது டிரைவரைக் கையில் எடுத்தவுடன் பறக்கும் முதல் பத்துப் பந்துகளில் எத்தனை கெஜம் மட்டையுடையது, எத்தனை கெஜம் மனதுடையது என்று பிரிக்க முடியாது.

அதனால்தான் விவரம் தெரிந்த மட்டை பொருத்துநர்கள் பழைய மட்டையையும் கூடவே கொண்டுவரச் சொல்கிறார்கள். புது கிரிப் போட்ட பழைய டிரைவர் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். ஒரே நாள், ஒரே வகைப் பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பந்தின் வேகம், ஏறும் கோணம், சுழற்சி எல்லாவற்றையும் ரேடார் கருவி எண்ணாகச் சொல்லிவிடும். பார்க்க வேண்டியது மிக நீண்ட அடியை அல்ல. பிசகிய அடிகளையும் சேர்த்த சராசரியை, பந்துகள் எவ்வளவு அகலத்துக்குச் சிதறின என்பதை. அந்த அகலம் குறையவில்லையென்றால் பணப்பையைத் திறக்க அவசரமில்லை.

இத்தனையிலும் தயங்காமல் குப்பைக்குப் போக வேண்டியது ஒன்று பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் கிடக்கும்: பழைய பந்துகள். 2000ஆம் ஆண்டு வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அடித்தது, நடுவே ஒரு சிறு கருவைச் சுற்றி இழுத்துக் கட்டிய ரப்பர் நூல் உருண்டையை. நூலின் இழுவிசை ஆண்டுக்கு ஆண்டு தளரும். 2000 அக்டோபரில் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 களத்துக்கு வந்தது. திட ரப்பர் கரு, மேலே மெல்லிய யூரித்தேன் தோல். நூல் சுற்றிய பந்துகள் சீக்கிரமே போட்டிகளில் இருந்து மறைந்தன. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் டிரைவர் அடியின் சராசரி 1980இல் சுமார் 257 கெஜம்; 2003இல் 286; 2023இல் 300ஐத் தொட்டது. மட்டைகளுக்கு எல்லாப் பக்கமும் வேலி போட்ட பிறகும் தூரம் நிற்காததால், யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏயும் 2023 டிசம்பரில் பந்தின் மீது கை வைத்தன. பந்து எவ்வளவு தூரம் போகலாம் என்ற சோதனை, மணிக்கு 201 கிலோமீட்டர் மட்டை வேகத்தில் இனி நடக்கும் என்று அறிவித்தன. பழைய மட்டை விதிக்கு உட்பட்டதாகவே தொடரும் நாளில், இன்று கடையில் வாங்கும் பந்து விதிக்கு வெளியே போகக்கூடும்.